கதிரொளியால் வரைந்தவர்

சென்னை மாநகரில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இல்லத்தார் வடகமும் வற்றலும் உலர்த்தக் கதிரவனின் துணையை நாடுவர். அக்கதிரவனைக்கொண்டே வீட்டு மாடியில் படமும் வரையலாம் என்பதைப் பலர் அறியார். 1842-ஆம் ஆண்டில் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அறிஞர் அதற்குரிய எளிய வழியொன்றைக் கண்டறிந்தார். இரும்புச் சேர்மங்கள் இரண்டை நீரில் கரைத்துத் தாளில் பூசி இருட்டில் உலர்த்துதல் வேண்டும். அத்தாளின்மேல் ஓர் இலையை வைத்து வெயிலில் காட்டிப் பின்னர்த் தண்ணீரில் அலசினால், நீலப் பரப்பில் இலையின் வடிவம் வெண்மையாகத் தோன்றும். கட்டடப் பொறியாளர் நெடுங்காலம் பயன்படுத்திய நீலப்படிகள் இம்முறையில் தோன்றியவையே.

அக்காலத்து ஒளிப்படங்கள் பலவும் இவ்வாறே வெயிலில் பதிக்கப்பட்டன. கதிரவனின் இத்துணையைக்கொண்டு தமிழகத்தின் கோயில்களையும் கோட்டைகளையும் தாளில் பதித்து வைத்தவர் ஒருவர் உளர். அவரே லின்னேயஸ் ட்ரைப் ஆவார்.

ட்ரைப் 1822-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இங்கிலாந்தில் டெவன்போர்ட்டு என்னும் துறைமுக நகரில் பிறந்தார். இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 1850-களின் தொடக்கத்தில் விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது, அந்நாளில் புதுமையாக விளங்கிய ஒளிப்படக் கலையைக் கற்றார். 1853-இல் இலண்டன் ஒளிப்படக் கழகத்தில் உறுப்பினரானார். மறு ஆண்டு பெங்களூருக்குத் திரும்பிய அவர், ஹளேபீடு, பேலூர் ஆகிய ஊர்களின் சிற்பக் கோயில்களைப் படமெடுத்தார். 1855-இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் வைக்கப்பெற்ற அப்படங்கள் பாராட்டைப் பெற்றன.

இன்று நொடிப்பொழுதில் படமெடுக்கும் நாம் அக்காலத்தவர் பட்ட பாட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ட்ரைப் மெழுகேற்றிய பெருந்தாளில் வெள்ளி உப்புக்களை ஏற்றி, பெரிய மரப்பெட்டி போன்ற படக்கருவியில் பொருத்துவார். ஒரு காட்சி பதியப் பல நிமிடங்கள் ஆகும். காற்றில் இலைகள் அசைந்தால் படம் மங்கும். வெப்பம் மிகுந்தால் மெழுகு இளகும். இவ்வாறு கிடைப்பது ஒளியும் நிழலும் மாறித் தோன்றும் எதிர்ப்படமே. அதனை வெள்ளி உப்புப் பூசிய மற்றொரு தாளின்மேல் வைத்துச் சட்டத்தில் அழுத்தி வெயிலில் காட்டினாலன்றி உண்மைப் படம் தோன்றாது. மங்கிய இலைகளையும் வெறுமையாய்த் தோன்றிய வானத்தையும் எதிர்ப்படத்தின்மேல் தூரிகையால் திருத்துவதும் அவரது வழக்கம்.

1855-இல் பர்மிய மன்னரிடம் சென்ற ஆங்கிலத் தூதுக்குழுவுடன் ட்ரைப்பும் சென்றார். அங்கு எடுத்த படங்களுள் 120 காட்சிகளைத் தெரிந்தெடுத்து, ஐம்பது தொகுதிகளாகப் பெங்களூரில் உருவாக்கினார். ஆறாயிரம் தாள்களை ஒவ்வொன்றாக வெயிலில் பதித்து முடிப்பது எத்தகைய பொறுமைக்குரிய பணி!

அடுத்து அவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். 1857-ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டு, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை முதலிய ஊர்களுக்குப் படக்கருவியுடன் பயணம் செய்தார். மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையைச் சிதைந்த நிலையில் கண்டு படமெடுத்தார். 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில் அவ்வரண்மனை புதுப்பிக்கப்பட்டது. அதற்கு முன்னர் அது இருந்த நிலையை அப்படங்களே இன்று நமக்குக் காட்டுகின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த பணி தனிச்சிறப்புடையது. விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க இயலாது. எனவே அவர் கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்தி 21 படங்கள் எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, 19 அடிக்கும் மேற்பட்ட நீண்ட சுருளாக அமைத்தார். ஹுல்ச் என்னும் அறிஞர் தஞ்சைக் கல்வெட்டுக்களை நூலாக வெளியிடத் தொடங்கியது 1891-இல்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்னரே கல்லெழுத்தைக் கதிரொளி தாளில் எழுதிவிட்டது.

1858-இல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் ட்ரைப் படமெடுத்தார். வால்டர் எலியட் என்பவர் 1845-இல் அகழ்ந்தெடுத்த அச்சிற்பங்கள் 1859-இல் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. கற்கள் கடல் கடந்து செல்லுமுன் அவற்றின் தோற்றம் இங்கேயே பதிவாயிற்று. அவருக்கு உதவியாக இருந்த ஐயாசாமி என்னும் தமிழர், பின்னர்த் தாமே ஒளிப்படக் கலைஞராக விளங்கினார். டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் சென்னையில் நிறுவிய கலைப்பள்ளியோடு அவர் தொடர்புடையவர். அப்பள்ளியே பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரியாக வளர்ந்துள்ளது.

பணி சிறந்து வந்த வேளையில் இடையூறு நேர்ந்தது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் அரசின் கருவூலம் நலிந்திருந்தது. 1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவிலியன் சிக்கனத்தில் கருத்துடையவர். பழஞ்சின்னங்களை அரசின் செலவில் படமெடுப்பது ஆடம்பரம் என்று கருதி, அதனை நிறுத்த ஆணையிட்டார். அரிதின் அமைத்த படநிலையம் கலைந்தது. ட்ரைப் படைப்பணிக்குத் திரும்பினார். அதன்பின் படமெடுப்பதை ஏறத்தாழக் கைவிட்டார். பின்னர் ஓய்வுபெற்றுத் தாயகம் சென்ற அவர், 1902-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் தாம் பிறந்த ஊரிலேயே காலமானார்.

வறுமையுற்ற கருவூலத்தைக் காக்க நினைத்த ஆளுநரைக் கொடியவர் எனல் பொருந்தாது. எனினும், எது ஆடம்பரம், எது தேவை என்பதை ஓர் ஆண்டின் கணக்குமட்டும் காட்டிவிடாது. அன்று மிச்சமான பணம் எங்கே போயிற்று என்று யாரும் அறியார். அன்று எடுத்த படங்களோ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப்பின் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் இலண்டனிலும் கண்காட்சியாக வைக்கப்பெற்றன. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த அக்கண்காட்சியில் தமிழகத்தின் கோபுரங்களும் மண்டபங்களும் மக்களின் கண்ணுக்கு விருந்தாயின.

மாணவர்களே! உங்கள் ஊரிலும் ஒரு பழைய மண்டபமோ, குளக்கரையோ, கல்லெழுத்தோ இருத்தல் கூடும். நாளை அது சிதையலாம், மறையவும் செய்யலாம். அதனை இன்றே பொறுமையுடன் நோக்கிப் பதிந்து வைப்பது பின்வருவோர்க்கு நாம் செய்யும் கடமையாகும். அதற்கு வேண்டிய வெயில் நம் நாட்டில் நிறைய உண்டு. வேண்டுவது விடாமுயற்சி ஒன்றே.