செவுள் மூடியால் பிரிந்த நண்பர்கள்: மீன் எலும்பைப் படித்த குவியே கதை

மார்க்கெட்டில் நாம் வாங்கும் கானாங்கெளுத்திக்கு அறிவியல் பெயர் ‘ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்தா’. ‘கனகுர்தா’ என்பது, விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றி 1803-ல் வெளியான புத்தகத்தில் பேட்ரிக் ரஸ்ஸல் குறித்துவைத்த உள்ளூர்ப் பெயர். அதை அறிவியல் பெயராக்கியவர் பாரிஸில் இருந்த ஜார்ஜ் குவியே.

யார் இவர்? 1769-ல் மோன்பெலியாரில் பிறந்தவர். 1788-ல் நார்மண்டியில் ஒரு பிரபு வீட்டுப் பையனுக்கு ஆசிரியராகப் போனார். பிரெஞ்சுப் புரட்சியில் பாரிஸே கொந்தளித்தபோது, இவர் கடற்கரைப் பக்கம் மீனையும் சிப்பியையும் அறுத்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். 1795-ல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வந்தார். அவர் வரத் துணைநின்றவர் அங்கே பேராசிரியராக இருந்த எத்தியேன் ஜோஃப்ருவா, 3 வயது இளையவர். இருவரும் நண்பர்களானார்கள், சேர்ந்தே கட்டுரைகள் எழுதினார்கள்.

வந்ததும் குவியே கண்டது, பரணில் விறகுபோலக் குவிந்துகிடந்த பழைய எலும்புக்கூடுகள். அவற்றை மீட்டு, புதிதாகவும் சேர்த்து, ஒரு பெரிய காட்சிக்கூடத்தையே உருவாக்கினார். 1806-ல் அது பொதுமக்களுக்குத் திறந்தது.

அதில் மீன்தான் பெரிய தலைவலி. மாட்டின் மண்டையோடு வேகவைத்தாலும் அவ்வளவு சீக்கிரம் பிரியாது. மீனின் தலை அப்படியில்லை. டஜன் கணக்கில் சின்னச் சின்ன எலும்புகள், மெல்லிய நார்த்தசையால் கோத்தவை. கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டால் போச்சு, எது எங்கே இருந்தது என்றே தெரியாது. அதனால் சதையை மெதுவாகச் சுரண்ட வேண்டும், அல்லது தண்ணீரில் ஊறப்போட்டுத் தானாக அழுகவிட வேண்டும். நாற்றம் குடலைப் புரட்டும். துடுப்பு முள்களை விரித்து, ஊசி குத்தி, பலகையில் காயவைக்க வேண்டும். எலும்பில் எண்ணெய் தங்கிவிட்டால் பிற்பாடு மஞ்சளாகிவிடும். கடைசியில் கம்பியால் கோத்து, தண்டின் மேல் நிறுத்தினால்தான் அது காட்சிப்பொருள்.

குவியேவுக்கு இது அலங்காரம் இல்லை. பல உயிரினங்களின் எலும்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான், மாமத் என்பது இன்றுள்ள யானை இல்லை, அழிந்துபோன வேறு இனம் என்று 1796-ல் வாதிட்டார். உயிரினம் முற்றாக அழியும் என்பதையே பலர் நம்பாத காலம் அது.

அதே எலும்புகள்தான் நட்பையும் உடைத்தன. மீன் வாங்கும்போது ஃபிரெஷ்ஷா என்று பார்க்கத் தூக்குவோமே, செவுள் மூடி, அதில்தான் சிக்கல். அந்த எலும்புகளே நம் காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகளாக உருமாறியுள்ளன என்று 1818-ல் எழுதினார் ஜோஃப்ருவா. எல்லா விலங்குக்கும் அடிப்படை வடிவம் ஒன்றே என்பது அவர் கட்சி. குவியே ஒப்பவில்லை. செவுள் மூடி மீனுக்கே உரியது, மீனின் வேலைக்காக அமைந்தது, அவ்வளவுதான் என்றார். 1830-ல் கணவாயின் உடலமைப்பு பற்றிய ஒரு கட்டுரையை வைத்து, பாரிஸ் அறிவியல் அகாடமியில் இருவரும் வெளிப்படையாகவே மோதிக்கொண்டார்கள். சபையில் குவியேவின் கைதான் ஓங்கியது. ஆதாரத்தை அடுக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இதற்கிடையில் வாலென்சியென் என்ற உதவியாளருடன் சேர்ந்து, உலக மீன்கள் அத்தனையையும் பதிவுசெய்யும் நூலை 1828-ல் தொடங்கியிருந்தார். பெர்ச் என்ற ஆற்றுமீனை மாதிரியாக எடுத்துக்கொண்டு, அதன் எலும்புகளை ஒவ்வொன்றாக விளக்கினார். வேலை பாதியில் நிற்க, 1832-ல் காலமானார்.

5 வருடம் கழித்து, 1837-ல், ஜெர்மனியின் கார்ல் ரைஷெர்ட் பன்றிக் கருக்களை ஆராய்ந்தார். நம் காதின் இரண்டு குட்டி எலும்புகள் மற்ற முதுகெலும்பிகளின் தாடை மூட்டு எலும்புகளுக்கு இணையானவை என்று தெரிந்தது. செவுள் மூடி விஷயத்தில் குவியே சொன்னதே சரி. ஆனால், மீனின் எலும்பு வேறு வடிவில் நம் காதில் இருக்கிறது என்ற ஜோஃப்ருவாவின் சந்தேகமும் வீண்போகவில்லை. அவர் காட்டிய எலும்புதான் தப்பு.

மீன் நூலை வாலென்சியென் விடாமல் தொடர்ந்தார். 22-வது தொகுதி 1849-ல் வந்தது.