நாடு போச்சு, சத்திரங்களை விடலை... சரபோஜி மன்னரின் குழந்தைகள் திட்டம்!

நீடாமங்கலத்துல யமுனாம்பாள் சத்திரம் பார்த்திருக்கீங்களா? தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டினது. வழிப்போக்கர்கள் சாப்பிட்டுத் தூங்குற இடம்னு மட்டும் நினைச்சிடாதீங்க. இந்தச் சத்திரங்கள்ல பச்சைக் குழந்தைகளுக்கும் வைத்தியம் நடந்திருக்கு.

அதுக்காகப் பேசினவர் இரண்டாம் சரபோஜி. 1777-ல் பிறந்து, துளஜா மன்னருக்குத் தத்துப்பிள்ளையானவர். 1798-ல் அரியணை ஏறினார். அடுத்த வருஷமே ஒப்பந்தம் போட்டு, நாட்டையே கிழக்கிந்திய கம்பெனி வாங்கிக்கிச்சு. மிஞ்சினது கோட்டையும் வருமானத்தில் ஒரு பங்கும்தான்.

ஆனாலும் 1801-ல் கம்பெனியின் ரெசிடென்ட்டுக்குக் கடிதம் எழுதி, சத்திரங்கள் தன் பொறுப்பிலேயே இருக்கணும்னு கேட்டார். அங்கே நடக்கிறதையும் விளக்கினார். சத்திரத்துக்குச் சத்திரம் வைத்தியர், வாத்தியார். கைக்குழந்தைக்குப் பால். அநாதைப் பிள்ளைகளுக்கு மூணு வேளை சாப்பாடு, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் தேய்ப்பு, துணி, மருந்து, படிப்பு. சத்திரத்தில் பிரசவமானா செலவு அரசாங்கத்துது. அப்புறம் மூணு மாசம் அங்கேயே தங்கலாம்.

தலைநகர்ல ஒரே பெரிய ஆஸ்பத்திரி கட்டியிருந்தா, நிறைமாசப் பெண் அதுவரை நடந்திருக்கணும். இவங்க ஏற்பாடோ, ராமேஸ்வரம் யாத்திரை போறவங்க நடக்கிற வழியிலேயே ஊருக்கு ஊர் காத்திருந்தது.

சத்திரங்கள் சரபோஜி கையிலேயே இருந்தன. ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரில் புதுசாவும் ஒண்ணு கட்டினார். 1832-ல் மறைந்தார்.

இனி குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனா, மருந்தோட சேர்த்து இதையும் பாருங்க: தாய்க்குச் சாப்பாடும் தங்க இடமும் இருக்கா?