காலத்துக்கு அளவையியல் வகுத்த ஆதர் பிரையர்

உயர்தர வகுப்பில் அளவையியல் பயின்ற நாம், ஓர் எடுப்பு உண்மையாயின் அது என்றும் உண்மையே எனக் கொண்டு பழகியவர்கள். மழை பெய்கின்றது என்னும் எடுப்போ காலையில் உண்மையாய் மாலையில் பொய்யாகின்றது. இம்மாற்றத்தை அளவையியலுக்குள் கொண்டுவர உழைத்தவர் ஆதர் நோர்மன் பிரையர்.

அவர் 1914 டிசம்பர் 4 ஆம் திகதி நியூசிலாந்தின் மாஸ்ரட்டன் நகரில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஒற்றாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலப் புகுந்து மெய்யியலுக்கு மாறினார். இளமையில் அவருள்ளம் இறையியலிலே தோய்ந்திருந்தது. வருவனவெல்லாம் இறைவன் முன்னரே அறிவானாயின் மனிதனுக்குச் சுதந்திரம் ஏது என்னும் வினா அவரை விடவில்லை. 1946 இல் கிறைஸ்ட்சேர்ச் நகரிலுள்ள கன்ரபெரிக் கல்லூரியில், கார்ல் பொப்பர் விட்டுச்சென்ற இடத்தை ஏற்றார். 1949 இல் அவர் வீடு தீக்கிரையாயிற்று. ஸ்கொத்லாந்து இறையியல் வரலாறுபற்றி எழுதிவந்த கைப்பிரதியும் எரிந்தது. பின்னர் அவர் நாட்டம் அளவையியலின்பாற் சென்றது.

அவருடைய ஆசிரியர் ஜோன் பின்ட்லே எழுதிய கட்டுரையொன்றின் அடிக்குறிப்பு, வினைச்சொற்களின் காலங்களுக்கும் ஒரு கணிதம் அமைக்கலாம் எனச் சுட்டியிருந்தது. ஓரிரவு பிரையர் தம் மனைவியாரைத் துயிலெழுப்பி அதனை வாசித்துக் காட்டினாராம். அம்மையாரின் உறக்கம் போயினும், அளவையியலுக்கு அது நல்லிரவே. முன்பு நிகழ்ந்தது, இனி நிகழும், என்றும் நிகழ்ந்துவந்தது, என்றும் நிகழும் என்னும் நான்குக்கும் குறியீடு வகுத்து, 1956 இல் ஒக்ஸ்போர்டில் விரிவுரையாற்றினார்.

1958 இல் சோல் கிரிப்கி என்னும் 17 வயது அமெரிக்க இளைஞர் அவருக்கு மடல் எழுதி, எதிர்காலத்தைக் கிளைவிடும் மரம்போலக் கருதலாம் என்றார். பேராசிரியர் அதனை உவந்தேற்றார். சென்ற வழி ஒன்று, செல்லும் வழி பல எனின், மனிதனின் தெரிவுக்கு இடமுண்டன்றோ? நெடுநாள் வினாவுக்கு அவர் கண்ட வழி இதுவே.

மறுவருடம் அவர் எழுதிய கட்டுரையொன்று நம் மாணவர்க்கு எளிதில் விளங்கும். பரீட்சை முடிந்ததென நாம் பெருமூச்சு விடுவது, அது இன்ன திகதியில் முடிவடைகின்றது என்பதற்காகவன்று. அத்திகதியைச் சென்ற மாதமே அறிவோம். அது கழிந்துவிட்டது என்பதே ஆறுதல். திகதிகளால் மட்டும் காலத்தைச் சொல்லிவிட முடியாதென்பது அவர் துணிபு.

பின்னர் மன்செஸ்ரரிலும் ஒக்ஸ்போர்டிலும் கற்பித்தார். 1967 இல் வெளியிட்ட நூலில், படிப்படியாக நிலைமாறும் இலக்கக் கணினியின் செயலை ஆராய இத்தகைய அளவையியல் பயன்படும் என ஒரு குறிப்பும் வைத்தார். 1969 ஒக்டோபர் 6 ஆம் திகதி, நோர்வேயின் ற்றொண்ட்ஹைம் நகரில், 54 ஆம் வயதிற் காலமானார்.

1977 இல் இஸ்ரேலிய அறிஞர் அமீர் புனுவேலி, ஓயாது இயங்கும் கணினி நிரல்களுக்கு அவ்வளவையியலைப் பொருத்தினார். ஓயாத நிரலுக்கு இறுதி விடை இல்லை. இயங்கும் நெறியையே சோதித்தல் வேண்டும். வீதிச் சந்தி விளக்கை எண்ணுக: குறுக்கிடும் இரு வீதிகளுக்கும் ஒருங்கே பச்சை என்றும் எரியலாகாது, காத்துநிற்கும் வண்டிக்குப் பச்சை என்றேனும் எரிதல் வேண்டும். இவ்விரண்டையும் எழுதுதற்குப் பிரையரின் குறியீடுகளே போதும்.