நீலமலை தந்த துணிவாளர் ஆரி கவுடர்

துணிவு என்றவுடன் நாம் போர்க்களத்தை நினைக்கின்றோம். தொழில் நடத்துவோர்க்கும் அது இன்றியமையாதது. தன் முதலை இழக்கத் துணிவது ஒருவகை. பலருடைய பிழைப்பைத் தன் பெயரின்மேல் ஏற்றுக்கொள்வது அதனினும் அரியது. நீலகிரியில் ஒரு குடும்பத்தில் இவ்விரண்டையும் காண்கின்றோம்.

குன்னூரை அடுத்த உபதலையைச் சேர்ந்த படகர் குலப் பெரியார் ராவ் பகதூர் பெள்ளி கவுடர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் ஓடத் தொடங்கிய மலை இரயில், 1908இல் உதகையை எட்டியது. குன்னூருக்கு மேற்பட்ட அப்பாதைப் பணியை ஒப்பந்தமாக ஏற்று முடித்தவர் அவர். செங்குத்தான சரிவுகளில் அத்தகைய பணியை ஏற்பதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

அவர்தம் மைந்தரே ஆரி கவுடர். 1893இல் பிறந்த இவர் படகருள் முதல் பட்டதாரி. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நீலகிரியின் குரலாக விளங்கியவர். 1933இல் ஹங்கேரியில் நடந்த உலகச் சாரணர் பெருவிழாவுக்கு இந்தியச் சாரணர் அணியைத் தலைமையேற்று அழைத்துச் சென்றார். தந்தையார் தேடிய செல்வமும் தாம் பெற்ற கல்வியும் இருக்க, அவர் தம் வாழ்வை வளமாக நடத்தி நிறைவு கண்டிருக்கலாம். ஆனால் அவர் மனம் உருளைக்கிழங்கு விவசாயிகளின் துயரில் தோய்ந்தது.

கிழங்கு விலக்கும் நோன்பு நம்முள் பலர்க்கு உண்டு. ஆயினும் அவ்வாணிகம் புகட்டும் பாடம் நமக்கும் உரியதே. மலையில் விளைந்த கிழங்கு மேட்டுப்பாளையத்து மண்டிக்கு இறங்கியாக வேண்டும். நெடுநாள் வைத்திருந்தால் அழுகும்; திரும்ப ஏற்றிச் செல்லவோ கூலி கட்டாது. விதைக்கும் உரத்துக்கும் தரகரிடம் முன்பணம் பெற்ற சிறு விவசாயி, அவர் சொன்ன விலைக்கே தலையசைக்க நேர்ந்தது.

இந்நிலையை மாற்ற 1935இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை ஆரி கவுடர் நிறுவினார். விளைச்சலை ஒன்றுசேர்த்து ஏலத்தில் விற்பதும், கடனும் உரமும் உதவுவதும் அதன் பணிகள். சொல்வதற்கு எளிது. விலை சரிந்தால் பழி தலைவரையே சாரும். பழைய கடனுக்கு அஞ்சி உறுப்பினர் விலகினால் சங்கம் தளரும். வணிகர் தம் நட்டத்தைத் தாமே தாங்குவர். இவரோ பிறர் நட்டத்துக்கும் விடை சொல்ல வேண்டியவர். அப்பொறுப்பை நெடுங்காலம் சுமந்தார். 1971இல் மறைந்தார்.

1960களில் சிறு தேயிலை விவசாயிகளுக்கெனக் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் எழுந்தபோது, கூடி நின்று விற்கும் வழக்கம் அம்மலைக்குப் புதிதாக இருக்கவில்லை.

தொழில் தொடங்க முனையும் நம் இளைஞர் இலாப நட்டக் கணக்கை நன்கு கற்கின்றனர். தம்மை நம்பி நிற்போர் எத்தனை பேர் என்னும் கணக்கையும் அவர்கள் எழுதிப் பார்ப்பாராக. அதைக் கண்டு அஞ்சாது நிற்பவரே தொழிலில் உயர்ந்தவர்.