விமானத்தை வரவழைத்த ராஜா... விமான விபத்திலேயே பலி!

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இருந்து வளைகுடா வேலைக்கு போகிறவர்கள் பலரும் பிளேன் ஏறுவது திருவனந்தபுரத்தில்தான். அந்த ஏர்போர்ட் வர காரணமானவர் கோதவர்ம ராஜா. ஜி.வி.ராஜா என்றால் கேரளாவில் சட்டென்று புரியும்.

1908-ல் பூஞ்ஞார் அரச குடும்பத்தில் பிறந்தார். மதுரை பாண்டியர் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பம் அது. 1934-ல் திருவிதாங்கூர் மன்னர் சித்திரை திருநாளின் தங்கையை கல்யாணம் செய்து அரண்மனை மாப்பிள்ளை ஆனார்.

மாப்பிள்ளை சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் இல்லை. விமானம் ஓட்டவே கற்றுக்கொண்டார். 1932-லேயே டாடா கம்பெனி கராச்சியில் இருந்து பம்பாய் வழியாக சென்னைக்கு தபால் விமானம் விட்டாச்சு. திருவிதாங்கூருக்கும் விடச்சொல்லி டாடாவுக்கு தூது அனுப்பினார். அன்றைக்கு குமரி மாவட்டமும் அந்த சமஸ்தானத்தில்தான் இருந்தது.

இடம் பார்க்க வந்தவர் டாடா விமானி நெவில் வின்சென்ட். 1935 அக்டோபர் கடைசியில் அவரே ஒரு குட்டி விமானத்தை கொண்டுவந்து இறக்கினார். வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு மன்னருக்கு அனுப்பிய தபால் அதில் வந்தது. நவம்பர் 1-ந்தேதி சமஸ்தான தபால் மூட்டையோடு பம்பாய்க்கு விமானம் கிளம்பியது.

இதில் ஒரு விசேஷம். பத்மநாபசாமி கோவில் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடலுக்கு போகும் பாதையில்தான் ரன்வே இருக்கிறது. ஏர்போர்ட் வந்த பிறகும் சாமி பாதையை மாற்றவில்லை. ஐப்பசி, பங்குனி திருவிழாவில் ஆண்டுக்கு 2 நாள், சுமார் 5 மணி நேரம் விமானங்களை நிறுத்திவிடுகிறார்கள். அரச குடும்பத்து தலைவர் வாளோடு நடக்க, சாமி ரன்வேயை கடந்து கடலுக்கு போகிறார். டிக்கெட் போடுகிறவர்கள் தேதி பார்த்து போடுவது நல்லது.

கேரளாவில் விளையாட்டு கவுன்சில், கிரிக்கெட் சங்கம் எல்லாம் ராஜா ஆரம்பித்து வைத்ததுதான். கோவளத்துக்கு வெளிநாட்டுக்காரர்களை இழுத்ததிலும் அவருக்கு பெரிய பங்கு உண்டு.

விமானத்தின் மேல் உயிரையே வைத்திருந்தவருக்கு எமனும் அதிலேயே வந்தான். 1971 ஏப்ரல் 30-ந்தேதி இமாச்சல பிரதேசம் குலு பள்ளத்தாக்கில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். வயது 62.

1991-ல் அது சர்வதேச விமான நிலையம் ஆனது. 2021-ல் அதானி குழுமத்தின் கைக்கு போனது. ராஜா பிறந்த அக்டோபர் 13-ந்தேதியை கேரளாவில் விளையாட்டு தினமாக கொண்டாடுகிறார்கள். விளையாட்டு பள்ளிக்கு அவர் பெயர் இருக்கிறது. ஏர்போர்ட்டுக்குத்தான் இல்லை.