ஸர் ஜோஸப் ஸ்வான்

அமராவதி பாயும் நம் தாராபுரத்திலும் அடுத்துள்ள திருப்பூரிலும் பருத்தி நூல் ஆடைக்கே உரிய பொருளாகக் கருதப்படுகின்றது. அந்நூலைக் கரியாக்கி, அக்கரியில் மின்சாரத்தைச் செலுத்தி, இருள் கடிந்த பெரியார் ஒருவர் இருந்தார். அவரே ஸர் ஜோஸப் ஸ்வான்.

இவர் 1828-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸண்டர்லாந்து நகரில் பிறந்தார். இளமையில் மருந்துக் கடையில் தொழில் பயின்று, பின்னர் நியூகாஸில் நகரில் ஒரு மருந்துச்சாலையில் சேர்ந்து அதன் கூட்டாளியுமானார். 1860-ஆம் ஆண்டளவில், கரியாக்கிய காகிதத் துண்டைக் கண்ணாடிக் குமிழினுள் வைத்து ஒளிரச் செய்தார். குமிழினின்று காற்றை நன்கு நீக்கும் கருவி அக்காலத்து இன்மையால் கரி விரைவில் அழிந்தது. பாதரசப் பம்பு வழக்கிற்கு வந்தபின் மீண்டும் முயன்று, 1879-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் நியூகாஸிலில் அறிஞர் கூட்டத்தின்முன் தம் விளக்கை ஏற்றிக் காட்டினார்.

நிற்க. காற்றற்ற குமிழில் கரியை ஒளிர்விப்பது முன்னரே பலரும் அறிந்ததொன்றாகலின், அதற்குப் பேடண்டு கோரல் இயலாதெனக் கருதி ஸ்வான் வாளா இருந்தார். அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்கராகிய எடிஸன், மெல்லிய கரியிழை விளக்கிற்கு இங்கிலாந்தில் விண்ணப்பித்துப் பேடண்டு பெற்றார். ஸ்வானும் கந்தகத் திராவகத்தில் பதப்படுத்திய பருத்தி நூலைக் கரியாக்கும் முறைக்கு 1880-இல் உரிமை பெற்றார்.

1883-இல் இருவர் தொழிலும் ஒரே கம்பெனியாக இணைந்தன. அக்கம்பெனி பிறர்மேல் வழக்குத் தொடுத்தபோது, எதிரிகள் ஸ்வானின் முந்திய விளக்கையே காட்டி, எடிஸனது பேடண்டில் புதுமை இல்லையென வாதித்தனர். அப்பேடண்டு நிலைக்கவேண்டின், ஸ்வான் முன்பு ஒளிர்வித்தது தடித்த கரிக்கோலே, இழையன்று எனக் கம்பெனி சாதிக்க வேண்டியதாயிற்று. தம் பெயர் பூண்ட கம்பெனியே தம் முதன்மையைக் குறைத்துரைக்க நேர்ந்தது எத்துணை விந்தை! 1889-இல் மேல் நீதிமன்றத்தில் எடிஸனது பேடண்டே வென்றது.

ஸ்வான் சோர்ந்திலர். ஒரு சீரான இழை வேண்டி, பஞ்சை ரஸாயன முறையில் கரைத்து நுண்துளை வழியே பிதுக்கி நூலாக்கினார். அந்நூலால் அவர்தம் மனைவியார் பின்னிய துணிகள் 1885-இல் லண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்டன. செயற்கைப் பட்டின் முன்னோடி அதுவே. 1904-இல் ஸர் பட்டம் பெற்று, 1914-இல் அவர் காலமானார்.

கண்டபின் எதுவும் எளிதாகவே தோன்றும். காணுமுன் அது எளிதாயிருந்ததோ என்பதே இன்றும் பேடண்டு வழக்குகளில் எழும் வினா. தாம் கண்டதை எளிதென எண்ணி வாளா இருந்த ஒருவரது வாழ்க்கை, நூலும் சாயமும் கொண்டு புதியன புனையும் நம் நாட்டு இளைஞர் மறத்தற்குரியதன்று.