ஹார்வி குஷிங்: மறைக்காமல் எழுதி வைத்த மருத்துவர்

பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி, மூளையின் அடியில், கண் நரம்புகள் சந்திக்கும் இடத்திற்குக் கீழே அமைந்துள்ளது. அதில் கட்டி வளர்ந்தால் பார்வையே பறிபோகலாம். மூக்கின் வழியே சென்று அக்கட்டியை லேசர் கதிரால் சுட்டழிக்கும் முறையை 1980-களில் சில அறுவை மருத்துவர்கள் கையாண்டனர். இந்தக் குறுகிய வழியைச் செம்மைப்படுத்தியவர் யார் என்று தேடியபோதுதான் ஹார்வி குஷிங்கை நான் அறிந்தேன்.

1869-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், மருத்துவர் குடும்பத்தில் பத்தாவது பிள்ளையாகப் பிறந்தார். ஹார்வர்டில் மருத்துவம் பயின்றபோது, இவர் ஈதர் மயக்கமருந்து கொடுத்த நோயாளி ஒருவர் இறந்து போனார். படிப்பையே விட்டுவிடலாமா என்று கலங்கினார். ஆனால் விடவில்லை. சக மாணவர் எர்னஸ்ட் காட்மனுடன் சேர்ந்து, மயக்கத்திலிருக்கும் நோயாளியின் நாடித்துடிப்பையும் மூச்சையும் இடைவிடாமல் குறிக்கும் அட்டவணையை உருவாக்கினார். 1901-இல் இத்தாலியில் கண்ட இரத்த அழுத்தமானியையும் தம் நாட்டிற்குக் கொண்டு வந்தார்.

1910 முதல் 1925 வரை மேலுதட்டின் உட்புறம் கீறி, மூக்கின் வழியே 231 பிட்யூட்டரி கட்டிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நெற்றி விளக்குதான் வெளிச்சம். பெனிசிலின் இல்லாத காலம். இறந்தோர் 5.6 விழுக்காட்டினர் மட்டுமே. இந்தக் கணக்கு இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், இறப்புகளையும் அவர் மறைக்காமல் எழுதி வைத்ததே.

1926-இல் இரத்தப்பெருக்கால் பாதியில் நிறுத்திய அறுவையை, சில நாள்களில் வில்லியம் போவி என்ற இயற்பியலாளரின் மின்கருவியைக் கொண்டு முடித்தார். வெட்டும்போதே இரத்தத்தை உறையச் செய்யும் அக்கருவி, லேசருக்கு ஒருவகையில் மூத்த அண்ணன்!

பின்னாளில் மூக்கு வழியைக் கைவிட்டு, மண்டையோட்டைத் திறக்கும் முறைக்கே குஷிங் மாறினார். பலரும் அவரைப் பின்பற்றினர். அவரிடம் பயின்ற நார்மன் டாட் மட்டும் எடின்பரோவில் பழைய வழியைக் காத்தார். 1960-களில் கனடாவின் ஜூல்ஸ் ஹார்டி நுண்ணோக்கியின் துணையுடன் அதற்குப் புத்துயிர் அளித்தார்.

1932-இல் குஷிங் விளக்கிய பிட்யூட்டரி நோய் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1939-இல் அவர் மறைந்தார். முதல் லேசர் பிறந்ததோ 1960-இல்தான்.

நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் சரிவராத முடிவைக் குறிப்பேட்டிலிருந்து அழித்துவிட நம் கை துடிக்கிறதல்லவா? அந்நேரம் குஷிங்கின் அட்டவணையை நினைத்துக்கொள்வோம். ஓர் உயிரிழப்பு எழுத வைத்த அக்குறிப்பு, பல உயிர்களைக் காத்தது.